முட்டுக்கட்டை

பள்ளத்தூர் ஸ்டாண்டில் மூன்றாவது வண்டி என்னுடையது.
காலை ஆறே கால்.
மடியில் மஞ்சள் விமானம் ஒன்றை வைத்துக்கொண்டு
ஏறி உட்கார்ந்தாள்.
இறக்கை இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க
ஹாரன் அடிக்காமல் எவனும் எங்களைக் கடக்கவில்லை.

"பழைய ஓடுபாதைக்கா?"
"அங்க விடமாட்டாங்க. கண்மாய்க்குப் போங்க."

ஆனி மாதக் கண்மாய்.
வெடிப்புக்குள் நத்தை ஓடு.
மடைக்குப் பக்கத்தில் யாரோ குடித்துப்போட்ட குப்பி.
வெயிட்டிங் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.
பெட்டி மூடியில் உமையாள் என்று
மார்க்கரில் எழுதியிருந்தது.
உள்ளே ஸ்பேனர், சிரிஞ்சு, பிளக்கைச் சூடேற்ற ஒரு பேட்டரி.

"அண்ணே, அஞ்சு நிமிஷம் இதைப் பிடிச்சுக்கிறீங்களா?
போன தடவை செங்கல்லை நம்பினேன்."
காட்டிய வலது கையில்
இரண்டு விரல்களின் குறுக்கே
வெள்ளைக் கோடு.

"முதல்ல அந்தத் துண்டை எடுங்க."

துண்டை எடு என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும்.
அவர்கள் சொன்னதற்குக் காரணம் வேறு.
சுள்ளென்று நிமிர்ந்தேன்.
அவள் துப்பட்டா ஏற்கெனவே
என் வண்டிக் கம்பியில் முடிந்து கிடந்தது.
"காத்தாடி சுத்தி இழுத்துரும்ணே. கழுத்தோட."
துண்டை அதன் பக்கத்தில் கட்டினேன்.

மண்டி போட்டேன்.
இறக்கைக்குப் பின்னால், உடம்போடு சேர்த்து, இரண்டு கையாலும்.
வாலைப் பிடித்தால் வால் மட்டும்தான் மிஞ்சுமாம்.
அமுக்கினால் நொறுங்குகிற மரம்.
அமுக்காவிட்டால் போய்விடும்.
கோழியைப் பிடிக்கிற மாதிரி, என்று நினைத்தேன்.
சொல்லவில்லை.

ரப்பர் சுற்றிய குச்சியால் தட்டினாள்.
ஒன்றுமில்லை.
தட்டினாள்.
பதினொரு தடவை எண்ணினேன்.
"ரொம்பக் குடிச்சிருச்சு" என்று கவிழ்க்கச் சொன்னாள்.
மூக்கிலிருந்து சொட்டியது, விளக்கெண்ணெய் வாடையோடு.

பிறகு பிடித்தது.
மடையோரக் கொக்கெல்லாம் எழுந்து போயின.
விசிறி காணாமல் போய்
அந்த இடத்தில் வெறும் புகைவட்டம்.
அதற்கு மேலாகக் கை நீட்டாமல்
சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தாள்.
ஊசித் திருகை ஒரு நூல் அளவு திருப்பினாள்.

"தூக்குங்க. மூக்கு வானத்தைப் பாக்கட்டும்."

ஒன்றரைக் கிலோ இருக்குமா?
தோள்பட்டை வரைக்கும் இழுத்தது.

பங்குனித் தேருக்குக் கட்டை போடுகிறவன் நான்.
வடத்தில் ஊரே நிற்கும்,
சக்கரத்தடியில் நாலு பேர்.
திரும்பவும் நிறுத்தவும் அந்த நாலு பேர்தான்;
போட்டோவில் இருக்கமாட்டோம்.
மைத்துனன் மலேசியா போக
ஜாமீன் கையெழுத்துக் கேட்டான்.
காகிதத்தை இரண்டு நாள் வைத்திருந்து
திருப்பிக் கொடுத்தேன்.
அன்றிலிருந்து மாமியார் வீட்டில்
வெள்ளைக்கண்ணு என்று யாரும் கூப்பிடுவதில்லை.
முட்டுக்கட்டை வந்திருக்கு, காப்பி போடு.
அந்த ஏஜென்ட் இப்போது எந்த ஊரில் என்று
அவர்கள் கேட்பதில்லை.
நானும் பேச்சை எடுப்பதில்லை.

மறுபடி தரையில் இறக்கினேன்.
கை நடுங்குகிறதா, அது நடுங்குகிறதா, தெரியவில்லை.
கையில் ரிமோட்டோடு எனக்குப் பின்னால் நின்று
"விடுங்க" என்றாள்.

காதில் விழுந்தது.
விடவில்லை.

"அண்ணே, விடுங்க!"

கட்டையை உருவுவதற்கும் ஒரு முறை உண்டு.
பின்பக்கமாக, ஒரே இழுப்பில்,
சக்கரம் கேட்கிற நேரத்துக்கு.
இரண்டு கையையும் அப்படித்தான் எடுத்தேன்.
வால் என் விரல் நுனியை உரசிக்கொண்டு ஓடியது,
வெடிப்பில் ஒருமுறை தத்தி,
இடது பக்கம் சாய்ந்து
(அவள் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னாள்)
கருவேலங்காட்டுக்கு ஒரு சாண் மேலே
ஏறிவிட்டது.

அவள் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.
நான் கையைப் பார்த்தேன்.
உள்ளங்கை இன்னும் வளைந்தே இருந்தது.

"பிடிச்சதுக்கு எவ்வளவுண்ணே?"
"வெயிட்டிங் மட்டும் போதும்."

பத்தரைக்குக் கொத்தமங்கலம் சவாரி.
கூடையோடு ஏறிய அம்மா மூக்கைச் சுளித்து
"யாருக்குப்பா விளக்கெண்ணெய் கொடுத்த?" என்றது.

கோழிக்கு, என்றேன்.